மூன்றாவது ஓலை

பரிபூரணத்துக்குக் காலையில் வாய்தான் முதலில் விழிக்கும், கண் பிறகுதான் என்று ராஜபாளையம் மில்லின் ரீலிங் பிரிவுப் பெண்கள் சொல்வார்கள். சூப்பர்வைசரே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார். ஞாயிறு ஆனால் முதல் மணிக்கே வேதக்கோயிலில் இருப்பாள். முழங்காலில் நின்று தாழ்மை கேட்பாள். திங்களன்று குழாயடியில் அது காணாமல் போய்விடும். பொல்லாதவள் இல்லை. பொறுமையை மட்டும் கர்த்தர் கிள்ளித்தான் கொடுத்திருந்தார்.

1988இல் மகள் ஜெபசீலிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தான். பெயர் பொன்னுத்துரை. கோயிலில் மூன்று ஞாயிறு சபைப் போதகரான ஐயர் கலியாண ஓலை வாசிப்பார். தடை இருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம். வழக்கமாக யாரும் எழுவதில்லை. இரண்டாவது ஓலையன்று, புருஷனை விட்டு வந்து தனியாக இருந்த தங்கபாய் எழுந்துவிட்டாள்.

"இந்த மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டி, பிள்ளை இருக்கு ஐயரே. கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்புல என் கண்ணால பாத்தேன்."

சபை ஐயர் இரண்டே நாளில் விசாரித்துவிட்டார். அவன் கூட நின்றது அண்ணி. அண்ணன் பட்டாளத்தில் இருந்ததால், காய்ச்சல் கண்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறான். ஆனால் பரிபூரணம் அந்த ஞாயிறே கோயில் வாசலில், "வாழாவெட்டிக்கு அடுத்தவ வீட்டுக் கலியாணம் கண்ணை உறுத்தத்தான் செய்யும்" என்று தங்கபாயைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்.

மாப்பிள்ளையின் அப்பா தவசிமுத்து ஆள் அனுப்பினார். தடை சொன்ன அந்த அம்மா சபை முன்னால் நின்று, சொன்னது பொய் என்று சொல்லவேண்டும். இல்லையென்றால் கலியாணம் இல்லை.

பரிபூரணம் தங்கபாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். சமாதானம் பேச அல்ல, கையைப் பிடித்து இழுத்து வர.

தங்கபாய் சண்டைக்கு வரவில்லை. "எனக்கு ஓலை வாசிக்கையில, அவருக்கு மூத்த தாரம் இருக்கது சபையில நாலு பேருக்குத் தெரியும் பரிபூரணம். மூணு வாரமும் ஒருத்தரும் எந்திரிக்கல. உம் மகளுக்கும் அப்படி ஆயிரக் கூடாதுன்னுதான் எந்திரிச்சேன்" என்று சொல்லி, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாய்க்காரிக்கு, தான் வீசிய சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று நினைக்கவே கூசியது. அவளும் படியில் உட்கார்ந்தாள்.

"நான் பேசுனது பெரிய பாவம்க்கா. என்னை மன்னிச்சிருங்க."

"நான் வந்து பொய்னே சொல்லிருதேன். பிள்ளை கலியாணம் நடக்கட்டும்" என்றாள் தங்கபாய்.

"வேண்டாம். நீங்க கண்டதைச் சொன்னீக. பொய்யா சொன்னீக?"

அன்று மதியமே பரிபூரணம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். "அவியளைச் சபையில நிறுத்தி அவமானப்படுத்த மாட்டேன் அண்ணாச்சி. பிள்ளை மேல உள்ள பயத்துல சொன்னாவ. இனி உங்க இஷ்டம்" என்றாள்.

தவசிமுத்து, "ஞாயித்துக்கிழமை கோயில்ல வந்து சொல்லுதேன்" என்றார்.

வீட்டில் ஜெபசீலி, "என் கலியாணம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றாள் பரிபூரணம்.

ஞாயிறன்று ஐயர் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். எல்லாக் கழுத்தும் தவசிமுத்து பக்கம் திரும்பியது. அவர் அசையவில்லை. எழுந்தது தங்கபாய்.

"நான் பாத்தது அந்தப் பையனோட அண்ணி. விசாரிக்காமச் சொன்னது என் தப்பு ஐயரே. தடை இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. பரிபூரணம் இடத்தைவிட்டு எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அவிய எந்திரிச்சதுல தப்பே இல்ல. நான் வாசல்ல வச்சு அவியளைப் பேசுனதுதான் தப்பு. அதை எல்லாரும் கேட்டீக, இதையும் கேட்டுக்கிடுங்க."

தவசிமுத்து மெல்ல எழுந்தார்.

"ஐயரே, தடை சொன்ன அந்த அம்மா வீடு எங்கன்னு சொல்லுங்க. முதல் பத்திரிகை அங்க வைக்கணும்."