நாலு அறை வைத்த ஆமை

கடலாமையின் இதயத்துக்கு மூன்று அறை. மனிதனுக்கு நாலு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தடவை படித்தாலே ஏறிவிடுகிற இந்தச் சங்கதி, எங்கள் பனியன் யூனிட்டில் இருந்த பெரிய மனிதர்களில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. அதனால் நான் கடலைப் பார்க்கிற வாய்ப்பே போச்சு. இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் யூனிட். பெரிய கம்பெனிகள் கொடுக்கிற துணியை வெட்டித் தைத்துத் திருப்பி அனுப்புகிற ஜாப் ஒர்க். பத்துப் பன்னிரண்டு மிஷின், நீளமாக ஒரு கட்டிங் டேபிள், மூலையில் அயர்ன் டேபிள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் காதுகுத்து தேதிகூட ஷிப்மெண்டைக் கேட்டுத்தான் வைப்பார்கள். ராமேஸ்வரம் போகலாம் என்று இரண்டு தடவை பை எல்லாம் கட்டி, இரண்டு தடவையும் அவசர ஆர்டர் வந்து பையைப் பிரித்தோம். எங்கள் வகுப்பிலேயே கடலைப் பார்க்காதவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வருடம் அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் மிஸ் என்னைத் தேர்ந்தெடுத்தார். தலைப்பு, கடலாமையின் உடல் மண்டலங்களும் மனிதனின் உடல் மண்டலங்களும். திருப்பூரில் முதல் பரிசு வாங்கினால் அடுத்து சென்னை. சென்னைக்குப் போனால் கட்டாயம் பீச்சுக்குக் கூட்டிப்போவதாக மிஸ் சொல்லியிருந்தார். எனக்கு ஆமையும் வேண்டாம், மனிதனும் வேண்டாம், அந்தக் கடல் போதும். ராத்திரி பகல் அதே நினைப்பு.

தெர்மாகோல், கலர் பேப்பர், ஃபெவிகால் எல்லாம் வாங்கிவந்து, இடம் அகலமாக இருக்கிறதே என்று கட்டிங் டேபிளில் பரப்பினேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். அப்பா வந்து பார்த்தார்.

“என்ன கண்ணு இது, தெர்மாகோலு? பனியன் கம்பெனிக்காரன் புள்ள தெர்மாகோல்ல ஆமை செஞ்சுட்டுப் போனா ஊருக்குள்ள சிரிக்க மாட்டாங்களா? துணியிலயே தச்சுப்புடலாம், இரு.”

அவ்வளவுதான். ஆமை என் கையை விட்டுப் போய்விட்டது.

கட்டிங் மாஸ்டர் வேறு யாருமில்லை, என் மாமாதான், அம்மாவின் தம்பி. அவர் காதில் சாக்பீஸைச் செருகிக்கொண்டு வந்து, “ஆமைக்கு செஸ்ட் எத்தன இன்ச்சு கண்ணு? கழுத்து ரவுண்டு எவ்வளவு?” என்று என்னைக் கேட்டார். பாடப் புத்தகத்தில் அதெல்லாம் போடவில்லை மாமா என்றேன். “அளவு இல்லாம எப்படி பேட்டர்ன் போடறது? என்ன மிஸ்ஸோ!” என்று மிஸ் மேல் குறை சொன்னார். ஓட்டுக்குப் பச்சை ஃப்ளீஸ் துணி, வயிற்றுக்கு வெள்ளை இன்டர்லாக் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். ஓட்டைச் சுற்றி ஜிப் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் யோசனை.

“அப்பா, ஓடு சட்டை மாதிரி கழட்டற சாமான் இல்லப்பா. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்துதான் ஓடாவே ஆயிருக்குது.”

“அதெல்லாம் செரி கண்ணு. உள்ள இருக்கற நுரையீரல ஜட்ஜு எப்படிப் பார்ப்பாரு?”

ஜிப் வைத்தார்கள்.

நாலு நாள். நாலு நாளும் மொத்த யூனிட்டும் அந்த ஆமையைச் சுற்றியே உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் நான் உள்ளே கால் வைத்தாலே, “பீஸ் மேல மிதிக்காத, அக்கட்டால போ” என்று விரட்டுகிறவர்கள், இப்போது என்னை வெளியே விட்டால்தானே! பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைக்கக்கூட விடாமல், “பாப்பா, பித்தப்பைக்கு இந்தக் கலர் செரியா பாரு” என்று கூப்பிடுவார்கள். ஆமைக்குப் பக்கத்தில் வைக்கத் தைத்த துணி மனிதனுக்குப் பெருங்குடல், சிறுகுடல் எல்லாம் டேப் துணியில் சுருள் சுருளாக நானே மடித்து வைத்திருந்தேன். அயர்ன் அண்ணன், சுருக்கம் இருந்தால் ரிஜெக்ட் பண்ணிவிடுவார்கள் என்று அதைப் பூராவும் பிரித்து, ஸ்டீம் அடித்து, நீளமாகத் தேய்த்து மடித்துக் கொடுத்தார். நான் அழுதேவிட்டேன். அவருக்கு ஏன் அழுகிறேன் என்றே புரியவில்லை.

செக்கிங் அக்கா இன்னொரு தலைவலி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமத்துக்காரர். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. யூனிட்டிலேயே நிஜ ஆமையைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். அதனால் என் புத்தகத்தைவிட அவருக்கு அதிகம் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

“எங்கூர்ல வலையில மாட்டும் பாப்பா. விட்டுருவாவ. கண்ணுல தண்ணி தாரதாரயா வடியும், பாத்தா பாவமா இருக்கும்.”

“அது அழுகையில்லக்கா. கடல்தண்ணி குடிக்கறதுல சேர்ற உப்பை கண்ணோரத்துச் சுரப்பி வழியா வெளிய தள்ளுது. நமக்கு அந்த வேலைய கிட்னி பாக்குது.”

“அப்படியா?” என்றார். கொஞ்ச நேரம் நூல் வெட்டினார். பிறகு, “அழுவாம எதுக்குக் கண்ணுல தண்ணி வரும்?” என்று முதலில் இருந்து ஆரம்பித்தார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கண்காட்சி வெள்ளிக்கிழமை. வேலை நாள். ஆனாலும் அப்பா, மாமா, அயர்ன் அண்ணன், செக்கிங் அக்கா எல்லாரும் குளித்து முழுகி, யூனிட் வேனில் ஏறிக்கொண்டார்கள். யார் கூப்பிட்டது? ஆமையைப் பாலிதீன் பையில் போட்டு, எக்ஸ்எல் என்று ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தார்கள். அதைப் பிய்ப்பதற்குள் எனக்கு நகம் போனது.

ஜட்ஜாக வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை, கண்ணாடி போட்ட அம்மா. நான் மடமடவென்று சொன்னேன். நமக்குப் பல் உண்டு, ஆமைக்குக் கிடையாது. அதன் தொண்டை முழுக்க முள் மாதிரி இருக்கும், இரை திரும்பி வராது. நாம் மூச்சு விட்டால் நெஞ்சு விரியும். ஆமையின் விலா எலும்பு ஓடாகிவிட்டதால் விரியாது, கைகால் பக்கத்துத் தசைகளை வைத்துத்தான் மூச்சு இழுக்கும். மேடம் ஜிப்பைத் தொட்டு, “ஓடு இப்படிக் கழன்று வருமா?” என்று கேட்டார். வராது மேடம், உள்ளே காட்டுவதற்காக வைத்தது என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அப்போதே காலில் அலை வந்து நனைத்த மாதிரி இருந்தது.

“இதயம்?”

“மனிதனுக்கு நாலு அறை மேடம். ஆமைக்கு மூணு” என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் குனிந்து பேனா முனையால் எண்ணினார். “நாலு இருக்கேம்மா.”

நானும் குனிந்தேன். நாலு. முந்தின நாள் சாயந்திரம் வரைக்கும் மூன்றாக இருந்த இதயத்தில், கொஞ்சம் வேறு சிவப்பில் நாலாவது ஒன்று, பிசிறில்லாமல் தைத்திருந்தது.

பின்னாலிருந்து செக்கிங் அக்கா பெருமையாகச் சொன்னார்: “நாந்தாம்மா பாத்தேன். ரெண்டு பீஸையும் பக்கத்துல வச்சு செக் பண்ணுனேன், ஆமையில ஒண்ணு கொறஞ்சுது. தைக்க விட்டுட்டாவளேன்னு மாஸ்டர்ட்ட சொல்லி வச்சுத் தச்சுட்டோம்.”

அதோடு விட்டார்களா? அப்பா முன்னால் வந்து, “ஏனுங் மேடம், ஒண்ணு சேர்த்தித்தானுங்க இருக்குது? கொறையலீங்களே!” என்று நியாயம் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். மேடமும் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். முதல் பரிசு ஓர் எரிமலைக்கு. வருடா வருடம் சோடா மாவைக் கக்குகிற அதே எரிமலை!

திரும்பி வருகையில் வேனில், “பிரிச்சு எடுத்துரலாம் பாப்பா, ரெண்டு நிமிசந்தான்” என்று அக்கா என் தலையைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எல்லாரும் யூனிட்டில் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் எதுவும் ஓடவில்லை. அப்பா கட்டிங் டேபிளில் சாய்ந்து நின்றுகொண்டு, “கண்ணு, மிஸ்ஸு வேற ஏதாச்சும் குடுத்தாங்களா? தவளையோ, மீனோ… தைக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதா?” என்று கேட்டார். மாமாவும் அக்காவும் தலையை நிமிர்த்தி என் முகத்தையே பார்த்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! “ஒண்ணும் இல்ல! எனக்கு யாரும் ஒண்ணும் தைக்க வேண்டாம்!” என்று கத்திவிட்டு வீட்டுக்குள் வந்து டிவியைப் போட்டுக்கொண்டேன்.

தைப்பொங்கல் கழிந்து மிஷின்கள் டெம்போவில் ஏறிப் போயின. மாமா பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அக்கா ஊருக்குப் போய்விட்டார். இனிமேல் என் புராஜெக்டை யாரும் கெடுக்க மாட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கடலை அப்புறம் காலேஜ் டூரில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

இப்போது நான் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டரை யூனிட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலை. ஆர்டர் குறைந்த மாதங்களில், யூனிட் வைத்திருக்கிறவர்கள் காலையிலேயே வந்து என் மேஜை முன்னால் நிற்பார்கள். என்னைவிட இரண்டு மடங்கு வயதிருக்கும். “அம்மணி, தைக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்பாவும் ஆமை தைத்த அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இப்படித்தான் நின்றிருக்கிறார். எங்கேயும் கிடைக்காமல் கடைசியில் என்னிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்.