தண்ணீர் போன இடம்

யோகட் கப்பைத் தூக்கி அடியைப் பார்த்தேன். ஆணியால் குத்திய ஓட்டை வழியே வெள்ளை வேர் நீட்டிக்கொண்டிருந்தது. தக்காளி நாற்றுக்கு இனி அந்தக் கப் போதாது. நாள் தள்ளினால் வேர் உள்ளுக்குள்ளேயே சுருண்டுவிடும். தெரியாமலில்லை. ஆனால் விடாமல் கொட்டிய மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஈரத்தில் தண்டு அழுகிவிடுமோ என்ற பயத்தில் இன்று, நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சிரித்தார் கணவர். கண்டியில் கடை வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறினார். "இங்க வந்து பாரு புள்ள! வெட்டாமலே கான் கெடைச்சிருக்கு. ஓரமா நாத்த வரிசையா வச்சிருவோம், தண்ணி தேங்காது."

வீட்டுக்கு நேர் மேலே, மேட்டின் குறுக்கே மண் நீளமாகப் பிளந்திருந்தது. நாங்கள் இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டி வெட்டியே முதுகு ஒடிந்த குடும்பங்கள். வெட்டாமல் ஒரு கான் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றுதான் எங்கள் புத்திக்குப் படும். என் மரமண்டைக்கும் அப்படித்தான் பட்டது! கப்புகளைத் தட்டித் தட்டி, பிளவின் ஓரம் நெடுக நாற்றுகளை இறக்கினோம்.

ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். தேங்கவில்லை. இரண்டாவது வாளியையும் பிளவு மடக்மடக்கென்று குடித்தது.

"ஏங்க, இந்தத் தண்ணி எங்க போகுது?"

"மண்ணு தாகமா இருக்கு. ஊத்து, ஊத்து."

இத்தனை மழை குடித்த மண்ணுக்கு என்ன தாகம்?

அப்போது கீழே குசினியிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, அடுப்புக்கு அடியிலருந்து சேத்துத் தண்ணி வருது!"

வாளியைப் போட்டுவிட்டு, "வெளிய ஓடியா!" என்று கத்தினேன். மேலே ஊற்றிய தண்ணீர் வீட்டுக்கு அடியில் வருகிறதென்றால், மேடு உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கிறது. மூவரும் உடுத்த துணியோடு ரோட்டைத் தாண்டிக் கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். விடிவதற்குள் மறுபடியும் மழை. காலையில் போய்ப் பார்த்தால் மேடு சரிந்து இறங்கியிருந்தது. குசினி இருந்த இடத்தில் மண்தான் இருந்தது.

இப்போது பல்லேகல பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். மேடு கிடையாது, தரை மேசை மாதிரி சமம். இருந்தும் பயம் போகவில்லை. கப்பின் அடியில் வேர் தெரிந்ததும் குழி தோண்டுகிறேன். நாற்றை இறக்குமுன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு நிற்கிறேன்.

மகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் வாளியைச் சரித்ததுமே உள்ளே ஓடுகிறாள். அடுப்புக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "இல்லம்மா, காஞ்சுதான் கெடக்கு," என்கிறாள். அதற்குப் பிறகுதான் நான் நாற்றில் கை வைக்கிறேன்.