மாமன் கேட்காமல் விட்ட ஒரு வார்த்தை

மாட்டுத் தரகர் சடையனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பேச்சு கொஞ்சம் கனமாகப் போகிறது என்று பட்டால் போதும், தோளில் கிடக்கும் துண்டு தானாக இறங்கி அவர் வலது கையை மூடிக்கொள்ளும். எதிரே இருப்பவர் மாடு வாங்க வந்தவராக இருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. ஒரு தடவை செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வெல்லத்துக்கு விலை கேட்கப்போய், துண்டுக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றாராம். மண்டிக்காரர், "நமக்குக் கைரேகை பாக்கத் தெரியாதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்காள் மகன் தங்கமுத்து சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வந்தவன். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காடுகரைக்காரர் குடும்பத்தில் முதன்முதலாக பி.ஏ. படித்தவன். திருச்சிக்குப் படிக்கப் போன பிறகு, மாமனின் பழக்கத்துக்கு 'மொழி தோன்றுவதற்கு முந்தைய நிலை' என்று ஒரு பெயர் வைத்தான். அதைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதுவதாகவும் இருந்தான். தலைப்பு முடிந்துவிட்டது. கட்டுரைதான் பாக்கி.

சந்தையில் வாய்க்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை. "உங்க ஊட்டுக்குன்னே பொறந்த மாடுங்க, பாருங்க" என்று வாய் பாடிக்கொண்டிருக்கும். துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கொடுக்க மறுத்தவனுக்கும் தலைகுனிவு இல்லை, வாங்க முடியாதவனுக்கும் இல்லை. கையை இறுக்கினால் சம்மதம். உருவிக்கொண்டால் முறிந்தது. உருவிய பிறகு வாய் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது மரியாதைக்குப் பேசுவது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தங்கமுத்துவுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். கட்டுரைக்குத் தேவைப்படும் என்று தெரிந்து வைத்திருந்தான்.

சடையனின் மகள் சென்னம்மாள் அவனுக்கு முறைப்பெண். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை விடுதியில் அவனோடு தங்கியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. ஊருக்கு வரும்போதெல்லாம் அவளிடம் "சௌக்கியமா" என்று கேட்பான். அவள் "ம்" என்பாள். இந்த உரையாடலை அவன் ரயிலில் திருச்சி வரைக்கும் நினைத்துக்கொண்டு போவான்.

முப்பத்தெட்டாம் வருஷம் பி.ஏ. தேறி வந்தான். படித்த பையன் இனிமேல் டவுனில்தான் பெண் பார்ப்பான் என்று ஊரில் பேச்சு. சடையனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச் சோற்றுக்கு அவனைக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்து வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார்கள். சடையனின் மனைவி சாலம்மாள் அத்தையின் அண்ணன் ரங்கனும் பங்காளிகளும் சுற்றிலும் இருந்தார்கள்.

"மாப்ள, இப்பிடிப் பக்கத்துல வாங்க. உங்க ஊருப் பக்கமெல்லாம் மழை உண்டுங்களா?"

கேட்டுக்கொண்டே துண்டைத் தங்கமுத்துவின் கைமேல் போட்டார். உள்ளே அவருடைய கை அவன் கையைத் தேடியது. இத்தனை பேர் முன்னால் பெண்ணைக் கட்டிக்கொள்கிறாயா என்று வாய்விட்டுக் கேட்டு, அவன் மாட்டேன் என்றால் இரண்டு பேருக்குமே சங்கடம். துண்டுக்குள் என்றால் வெளியே தெரியாது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் அந்தக் கையை ஒருதரம் இறுக்கிப் பிடிப்பது.

ஆனால் தங்கமுத்து கல்லூரிச் சொற்போரில் பெண் விடுதலை பற்றிப் பேசிக் கண்ணாடிக் கோப்பை பரிசு வாங்கியவன். பெண்ணை மாட்டைப் போல் துண்டு போட்டுப் பேரம் பேசுவதா? கையை வெடுக்கென்று உருவினான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து நின்றான்.

"மாமா அவர்களே, பெண்ணானவள் சந்தைச் சரக்கல்ல" என்று ஆரம்பித்தான். நாகரிக உலகம், அடிமைத் தளை, மறுமலர்ச்சி எல்லாம் வரிசையாக வந்தன. வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வந்தது. ரங்கன், "மாப்ள நல்லாப் பேசறாருங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். பங்காளிகள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அப்புறம்தான், "ஆகையால் எவ்விதப் பேரமுமின்றிச் சென்னம்மாளை மனமார ஏற்கிறேன்" என்ற கடைசி வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தான்.

பேரம் முறிந்த பிறகு சந்தையில் ஆட்டுவதுபோல் சடையன் தலையை ஆட்டினார். "சந்தோசமுங்க மாப்ள. இருட்டறதுக்குள்ள கெளம்புங்க."

தங்கமுத்து சம்மதம் சொல்லிவிட்ட நிம்மதியோடு வீடு வந்து, முகூர்த்தச் செய்திக்காகக் காத்திருந்தான். வந்தது. மாப்பிள்ளை பள்ளிபாளையத்தில் தறி வைத்திருந்த கந்தன். தன் கொள்கை மாமனுக்குப் பிடிக்கவில்லை என்று தங்கமுத்து முடிவு கட்டினான். போய்க் கேட்க ரோஷம் விடவில்லை. கல்யாணத்தில் பந்தி பரிமாறினான்.

பிறகு நாமக்கல்லில் வாத்தியார் வேலை கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை மாமனைப் பார்க்கப் போவான். அவர் மழையைக் கேட்பார், அரிசி விலையைக் கேட்பார், ஏதோ கேட்க வாயெடுத்து எருதை அதட்டுவார். யுத்தம் முடிவதற்குள் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்கப் போனபோது சென்னம்மாள் குழந்தையோடு வந்திருந்தாள். அவளாகப் பேசினது அன்றைக்குத்தான்.

"மச்சான், அன்னைக்கு நீங்க பேசுனதக் கடைசி வரைக்கும் கேட்டது நா ஒருத்திதானுங். கதவுக்குப் பொறகால நின்னுட்டிருந்தேன்."

"அப்படியென்றால் நான் சம்மதம் சொன்னது…"

"கேட்டுச்சுங்."

"உங்க அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?"

"எங்கிட்ட யாருங் கேட்டாங்க? அப்பனும் கேக்கல, பொண்ணு சரக்கில்லைன்னு சொன்ன நீங்களும் கேக்கல." குழந்தை அழுதது. தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை சாலம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதப் பிரசவத்துக்கு வந்தப்பதான் அவ எங்ககிட்டச் சொன்னா சாமி. உங்க மாமன் அன்னைக்குச் சோறு திங்கல. 'வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும் புள்ள, நான் மாப்ளைக்குக் கடன்பட்டுட்டேன். அடுத்தவாட்டி வரட்டும், சொல்லிப்போடறேன்'னாரு. நீங்களும் வந்தீங்க, போனீங்க. அவுரும் மழையத்தான் கேட்டாரு."

சொற்போரில் கோப்பை வாங்கியவன் பொருத்தமாக ஏதாவது சொல்லத் தேடினான். "பரவால்லீங்க அத்தை" என்பதுதான் வந்தது.

"பரவால்லைன்னு நீங்க சொல்றத அவுரல்ல கேட்டுட்டுப் போயிருக்கோணும்" என்றாள் அத்தை.