மூக்கு தூங்கும் நேரம்

"மூக்கு வழியாக மூச்சு உள்ளே போவதைக் கவனியுங்கள்" என்று குரல் சொன்னதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் மற்றவர்கள் பாயில் மல்லாந்து கண் மூடிக் கிடந்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆளிடம் போய் மூக்கைக் கவனி என்றால் அவனுக்கு எங்கே ஓய்வு வரும்? ஓடுவதற்குச் செருப்பைத்தான் தேடுவான். நானும் அன்று செருப்பு எங்கே கிடக்கிறது என்றுதான் பார்த்தேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் புகைபோக்கிகள். இங்கே யாரும் படுக்கப் போகுமுன் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படுப்பார்கள். கடல் பக்கம் சாய்ந்தால் ஜன்னல் திறந்திருக்கும். நம் பக்கம் சாய்ந்தால், சித்திரை வெயில் கொளுத்தினாலும் மூடித்தான் இருக்கும். யாரும் கற்றுக்கொடுத்த வழக்கமில்லை இது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி விடியலில், ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து அமோனியா கசிந்தது. முதலில் விழித்தது நான். மூக்கின் உள்ளே ஊசி குத்தினாற்போல் ஒரு நெடி. பக்கத்தில் என் மகள், அப்போது ஏழு வயது, பிறந்ததிலிருந்தே வீசிங் உள்ளவள், உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவளால் என்னைக் கூப்பிடக்கூட முடியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். கொரோனாவில் போன மோப்பம் அவருக்குத் திரும்பவே இல்லை. கண் எரிந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. ஈரத் துண்டை மகள் முகத்தில் சுற்றி, அவளைத் தூக்கிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓடினோம். தெருவே ஓடியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்த பிறகுதான் அவள் உதட்டில் நிறம் வந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெர்லியே" என்று என் வீட்டுக்காரர் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைத் திட்ட வாய் வந்தது, திட்டவில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எங்கள் வீட்டில் மூக்கு இருப்பது எனக்கு மட்டும். நான் தூங்கினால் வீட்டின் மூக்கே தூங்குகிறது.

அதோடு என் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் போதும், யாரோ உலுக்கியதுபோல் விழிப்பேன். மோந்து பார்ப்பேன். மகளின் முதுகில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். தலைமாட்டில் மூன்று ஈரத் துண்டுகள் எப்போதும் ஒரு வாளியில் கிடக்கும். இராயபுரத்தில், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு வேலை. அங்கே தூக்கக் கலக்கத்தில் கன்டெய்னர் நம்பரை மாற்றி அடித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கழுத்து வேறு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது.

கழுத்துக்காகத்தான் தண்டையார்பேட்டை பிசியோதெரபி டாக்டரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண். துப்பட்டாவைத் தலையில் இறுக்கி முடிந்துகொண்டு, கழுத்தைத் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்.

"அக்கா, கழுத்துக்கு ஒண்ணும் இல்ல. நீ தூங்கறதே இல்ல. இன்னா மேட்டரு?"

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க வூட்லயும் வாளி கீது" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் அவள் யோக நித்திரை சொல்லிக்கொடுத்தாள். வா என்றாள். யோகா, தூக்கம் இரண்டுமே எனக்கு ஆகாத சமாச்சாரம் என்றேன்.

"தூங்கவே வேணாங்க்கா. இதுல ஒடம்பு தூங்கும், நீ முழிச்சினு இருப்ப. அதான் இதோட தத்துவமே. முழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவுல ஒரு வாசப்படி கீதுல்ல, அதுல குந்திக்கணும். இந்தப் பக்கமும் போவக் கூடாது, அந்தப் பக்கமும் போவக் கூடாது."

உடம்பு தூங்கும், நான் விழித்திருப்பேன். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் நிம்மதி தேடி அந்த மாடி ஏறினார்கள். நான் உடம்பைத் தூங்கவிட்டுக் காவல் காக்க ஒரு குறுக்கு வழி தேடி ஏறினேன். அவளிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். கடைசி வரைக்கும் விழித்திருப்பது எது?

"காது. எல்லாம் அடங்குனாலும் காது கேட்டுக்கினே இருக்கும்."

"மூக்கு?"

பொய் சொல்லத் தெரியாத பெண். "மூக்கு சீக்கிரம் தூங்கிடும்க்கா. சத்தத்துக்கு முழிக்கிற மாரி வாசனைக்கு ஒடனே முழிக்க மாட்டோம்."

அந்த பதிலைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஆனாலும் போனேன். முதல் வகுப்பில் எழுந்து உட்கார்ந்தவள், இரண்டாவதில் படுத்தே கிடந்தேன். முறை இதுதான். மல்லாந்து படுக்க வேண்டும். மனதுக்குள் ஒரு சங்கல்பம் சொல்ல வேண்டும். சின்னதாக, உறுதியாக, மூன்று தரம். பிறகு குரல் சொல்லச் சொல்ல கவனம் உடம்பு முழுக்கச் சுற்றிவர வேண்டும். வலது கட்டை விரல், ஆள்காட்டி விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, முதுகு வழியாக முகத்துக்கு வரும். நெற்றி, புருவம், கண், மூக்கு, உதடு. அப்புறம் மூச்சு. அப்புறம் கனம், லேசு, சூடு, குளிர் என்று எதிரும் புதிருமாக உணர வேண்டும். கடைசியில் மறுபடி சங்கல்பம். பாடம் நடத்தும்போது டாக்டர் சுத்தமான புத்தகத் தமிழில் பேசுவாள். நடுவில் யாராவது குறட்டை விட்டால், "யாருப்பா அது, கொறட்ட உட்டுகினு கீறது?" என்று தன் சொந்தத் தமிழுக்கு இறங்குவாள். பக்கத்து மசூதியில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்கும்போது எங்களை எழுப்பிவிடுவாள்.

விரல்கள் வரைக்கும் எனக்குச் சுகமாகத்தான் இருக்கும். தோள் தளரும். மூக்கு வந்ததும் எல்லாம் கெட்டுப்போகும். கொசுவத்தி, ஈரச் சுவர், பக்கத்து ஆளின் தலை எண்ணெய் என்று ஒவ்வொன்றாக மோந்து, இது அதுவா என்று சோதிப்பேன்.

ஒரு சனிக்கிழமை அது அதுவாகவே இருந்தது. சூடு, குளிர் என்று போய்க்கொண்டிருந்தபோது அந்த நெடி ஊசிபோல் ஏறியது. எழுந்திருக்க நினைத்தேன், உடம்பு வரவில்லை. கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கத்த நினைத்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டர் சொன்ன அந்த வாசற்படியில் நான் செத்துக் கிடக்கிறேன் என்று நினைத்தேன். மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. பிறகு எப்படியோ குரல் வெளியே வந்தது.

"கேஸ்!"

ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. குறட்டைக்காரர் உட்பட அத்தனை பேரும் எழுந்தார்கள். ஆளுக்கொரு துண்டை நனைத்துக்கொண்டோம். இதில் வேடிக்கை, எல்லார் பையிலும் துண்டு இருந்தது. மாடிச் சுவருக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தோம். புகை சமர்த்தாகக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் யாரோ படிக்கட்டின் கீழே குனிந்து பார்த்தார்கள். எங்களோடு படிக்கிற மீன்காரம்மா, விற்காமல் மீந்த சுறாவை அன்னக்கூடையோடு அங்கே வைத்துவிட்டு வந்திருந்தார். பழசாகிப்போன சுறாவுக்கு அச்சு அசல் அதே நெடி.

"அடிப்பாவி, என் சுறாவ கேஸுன்னுட்டாளே! ஐஸு போட்டுத்தான் வெச்சிருந்தேன்" என்று அவர் என்னை அடிக்க வந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குக் கண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சிரிக்கும்போதும் நனைத்த துண்டை நான் கையிலிருந்து விடவில்லை.

டாக்டர் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, "பாத்தியாக்கா, உன் மூக்கு தூங்கல" என்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் பயிற்சியைத் தீவிரமாகத் தொடங்கினேன். அவள் குரலை போனில் பதிந்து வாங்கிக்கொண்டேன். தினமும் ஆபீஸ் விட்டு வந்து, ஹாலில் பாய் விரித்துப் படுப்பேன். மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுவாள். சங்கல்பம் என்னவென்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பார்கள். என் சங்கல்பம் "வாசனை வந்தால் எழுந்துவிடுவேன்." அதை மூன்று தரம் சொல்வேன். பலித்தது. உடம்பு வாசற்படியில் இறங்கும், நான் மேலே உட்கார்ந்திருப்பேன். சில வாரங்களில் ராத்திரியும் தூக்கம் வந்தது. கழுத்து திரும்பியது. கன்டெய்னர் நம்பர்கள் சரியாக விழுந்தன. "ஒரு வழியா எங்க வூட்டுக்காரம்மா மொகத்துல லைட்டு எரியுது" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து மகளின் மிஸ் கூப்பிட்டார். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாளாம். டிவியைக் குறையுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து டிவிக்குத் தடை போட்டேன். மகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் பாயில் படுத்திருந்தேன். குரல் முதுகைத் தாண்டிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பக்கத்தில் பென்சில் உரசும் சத்தம் கேட்கும். டாக்டர் சொன்னது சரிதான், காது கடைசி வரை விழித்திருக்கிறது. அன்று பென்சில் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் கேட்டது. சின்னதாக, விட்டு விட்டு, ஜலதோஷம் பிடித்தவர்கள் மூக்கை உறிஞ்சுவது போல.

கண்ணைத் திறந்தேன். மகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். நோட்டு மூடியபடி கிடந்தது. கையில் ஈரத் துண்டு, தண்ணீர் சொட்டித் தரை நனைந்திருந்தது. புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, என் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். நான் அவளை எப்படிப் பார்ப்பேனோ அதே பார்வை. கசிவு நடந்த விடியலில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"இன்னாடி பண்ற?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ தூங்கு. நான் பாத்துக்கினு கீறேன்."

"எத்தனை நாளா?"

"நீ இத்த ஆரம்பிச்சதுலர்ந்து. ராத்திரியும் நீ நல்லா தூங்கிடறல்ல? அப்பாவுக்கு வாசன வராது."

"அதான் நான் எழுந்துக்குவேனே. அம்மாவுக்கு அந்தப் பயிற்சிதான் இது."

அவள் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "நீயே வாய்க்குள்ள மூணு தரம் சொல்றியேம்மா, வாசன வந்தா எழுந்துடுவேன்னு. எழுந்துக்கலன்னா?"

சங்கல்பத்தை மனதுக்குள் சொல்வதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அவள் காதில் விழும்படி முணுமுணுத்திருக்கிறேன். என் பயம் எங்கேயும் போகவில்லை, என்னைவிடச் சின்ன ஆளிடம் மாறியிருக்கிறது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் அவள் ஆபத்துக்கு ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்வாள் என்று அடக்கிக்கொண்டேன்.

அவளைக் கூப்பிட்டு என் பாயில் படுக்க வைத்தேன். போனை அணைத்துவிட்டு நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். சங்கல்பத்தைத் தொடவே இல்லை. நேராக விரலுக்குப் போனேன். வலது கட்டை விரல். ஆள்காட்டி விரல். உள்ளங்கை. பிடித்திருந்த துண்டு அவள் கையிலிருந்து நழுவியது. தோள், இடுப்பு, முழங்கால், பாதம். முதுகு. நெற்றி. புருவம். கண். உதடு.

"மூக்க உட்டுட்டம்மா" என்றாள், கண்ணைத் திறக்காமல். இத்தனை நாளும் கேட்டுக் கேட்டு அவளுக்கு வரிசை மனப்பாடம்.

"உன் மூக்குக்கு இன்னிக்கு லீவு. அம்மா மூக்கு முழிச்சினு கீது."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

கொஞ்ச நேரத்தில் அவள் வாய் லேசாகத் திறந்துகொண்டது. மூச்சில் வீசிங்கின் விசில் சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது, எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியவில்லை. நான் ஈரத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்காதபடி மெதுவாக மோந்து பார்த்தேன்.