சடையப்பர் லோரியும் எலுமிச்சம்பழக் கொத்தும்

கிள்ளானில் லோரி ஓட்டிப் பிழைத்தவர் சடையப்பர். அவர் மனைவி பொன்னுத்தாயி அடுப்பு ஊதினால் பக்கத்து வீட்டு உலையும் சேர்ந்து கொதிக்கும்.

1938இல் சடையப்பரைப் பாடாய்ப் படுத்தியது ஒரு பழைய டீசல் லோரி. மேட்டைக் கண்டால் இருமிவிட்டு நின்றுவிடும். எண்ணெய்க் குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது என்பது அவருக்குத் தெரியும். வெளியே ஒரு சொட்டும் கசியாததால் இடம்தான் பிடிபடவில்லை. நாளைக்கும் வழியில் நின்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சீன முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று மாலை குழாய் முழுக்கச் சவர்க்கார நுரையைப் பூசினார். டேங்கிலிருந்து காற்றை ஊதினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் வரும்.

"பொன்னு, ஊதாங்குழலோட வா. டேங்குல வச்சு ஊது."

"லோரிக்கும் நான்தான் ஊதணுமா? நல்ல மாப்பிள்ளை லா நீங்க!"

ஊதினாள். லோரி ஓரடி நகர்ந்ததாக அந்தத் தெருவே சத்தியம் செய்யும். குழாயின் ஓர் இணைப்பில் குமிழ் பொங்கியது. அங்கேதான் திருஷ்டிக்காக வெள்ளிதோறும் அவள் எலுமிச்சம்பழக் கொத்தைக் கட்டுவாள். அது ஆடி ஆடியே இணைப்பு தளர்ந்திருந்தது.

அவள் முகம் சுண்டியது. "உங்க வேலைக்கு நானே உலை வச்சேனா?"

"நீ கட்டினது சரிதான் புள்ள. அம்மனுக்கு அங்க வெளிச்சம் பத்தல."

இணைப்பை இறுக்கிவிட்டு, கொத்தை முன்விளக்கில் கட்டினார். மறுநாள் லோரி நிற்காமல் கோலாலம்பூர் போய்த் திரும்பியது.

"பாத்தீங்களா, எலுமிச்சம்பழத்தோட சக்தியை!" என்றாள்.

சடையப்பர் சாகும்வரை அதை மறுக்கவில்லை.