சந்தை நேரத்து வாய்ப்பூட்டு

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அருஞ்சுனை தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்துகொள்வார். அருப்புக்கோட்டையில் அவருடைய மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கூட்டம் நெரியும் நேரம் அதுதான். ஏலத்துக்கு வந்த வியாபாரிகள் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெடிக்குப் பழகாதவர்கள் தும்மிக்கொண்டிருப்பார்கள். அவர் சாமி படங்களுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் வாக்கி டாக்கியை எடுத்து, வாசலுக்கு வந்து, மேற்குப் பக்கம் திரும்பி நின்று, அதிலுள்ள எண்களில் ஐந்தை ஒவ்வொன்றாக அழுத்துவார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கூவல். கூவல்கள் முடிந்ததும் அந்தப் பக்கமிருந்து ‘டிட் டா டிட்’ என்று பதில் வரும். அதைக் கடைசிப் புள்ளி வரை கேட்டுவிட்டு, “படுத்துட்டான்” என்று சொல்லித் திரும்பவும் தராசுக்கு வந்து உட்காருவார். பதினொரு மணிக்கு மறுபடி எழுந்து போய் வேறு ஐந்து எண்களை அழுத்தி அவனை எழுப்பிவிடுவார்.

அவன் என்பது மனிதன் அல்ல. பாலவனத்தத்தில், ஓடாத ஒரு பஞ்சு ஜின்னிங் மில்லின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் ரிப்பீட்டர். வாக்கி டாக்கியின் குரலுக்குத் தெம்பு குறைவு. கருவேலங்காட்டைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். தொட்டியின் உச்சியில் கட்டிய ஏரியல் அந்த மெலிந்த குரலைப் பிடித்து, கீழே அறையிலுள்ள கருவிக்கு அனுப்ப, அது அதே நொடியில் ஓங்கிச் சொல்லும். விருதுநகரில் ஒருவர் முணுமுணுத்தால் திருச்சுழியில் தெளிவாகக் கேட்கும். இந்த வட்டாரத்தில், பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கும் பதினோரு பேரும் பேசிக்கொள்வது இதன் தயவில்தான்.

கருவிக்குக் காவல், மதுரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்று கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர். அதற்கான கட்டளைகளை எழுதிக் கொடுத்தவர் பரளச்சிப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் முத்துராமலிங்கம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலியில் தன் பெயரைச் சொல்லும். ஒரே ஆள் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால், யாராக இருந்தாலும், பேச்சை அறுத்துவிடும். யாராவது தன் செட்டில் பேசுவதற்கான பொத்தானை அழுத்தினால், எத்தனை மணிக்கு, எத்தனை நொடி என்று பிளாப்பியில் குறித்துக்கொள்ளும். பாட்டரி எப்படி இருக்கிறது என்று அருஞ்சுனை தன் கடை வாசலில் நின்று எண்ணை அழுத்திக் கேட்டால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மோர்ஸில் கணக்குச் சொல்லும். “பன்னெண்டு புள்ளி ஆறு” என்று அவர் வாய்விட்டுச் சொல்லும்போது, ஏதோ புதுச் சரக்குக்கு விலை கூறுகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தவர்கள் உண்டு.

இந்தப் பழக்கமெல்லாம் ஆளையும் தொற்றிக்கொண்டது. யாரிடம் பேசினாலும் பேசி முடித்ததும் ஒரு நொடி சும்மா இருப்பார். எதிராளி ஆரம்பிக்கட்டும் என்று. டெலிபோனில் அவர் அப்படி இருக்க, லைன் போய்விட்டதாக நினைத்து வைத்துவிட்டுப் போனவர்கள் பலர். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்தார்கள். சரியாக மூன்றாவது நிமிடம், வாழ்த்து பாதியில் நிற்க, அவரே நிறுத்திவிட்டார். மனைவி சுபத்ரா ஒருமுறை சொன்னார்: “தொட்டிக்கு அடியில மூணு நிமிசம் வச்சிக்கிடுங்க. வீட்டுக்குள்ள அதெல்லாம் கெடையாது. நான் முடிக்கிற வரைக்கும் கேக்கணும்.” அருஞ்சுனை கேட்டார். முடித்த பிறகு ஒரு நொடி சும்மா இருந்துவிட்டுத்தான் “சரி” என்றார்.

லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அதில் ஒரு நிபந்தனை: வியாபாரம் பேசக்கூடாது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய சோதனையைத் தில்லியில் இருப்பவர்கள் யோசித்திருக்க முடியாது. வத்தலுக்கு விலை விருதுநகரில்தான் பிறக்கிறது. காலை பத்து மணிக்கு அருப்புக்கோட்டையே டெலிபோனில் அதே நாலைந்து நம்பர்களைச் சுழற்றும். லைன் கிடைக்கிறவன் பிழைத்தான். இவர் தலைக்கு மேலேயோ சும்மாவே ஒரு லைன் தொங்கிக்கொண்டிருக்கிறது. “ஏண்ணே, விருதுபட்டியில என்ன வெலைன்னு ஒரு வார்த்த கேட்டா செட்டு தீஞ்சா போயிரும்?” என்று, விருதுநகரின் பழைய பெயரைச் சொல்லி, பங்காளிகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். “செட்டு தீயாது. நாந்தான் தீஞ்சு போவேன்” என்பார். டெலிபோன் கிடைக்காத நாளில் மற்றவர்களைப் போலவே பஸ்ஸில் வரும் ஆளுக்காகக் காத்திருப்பார்.

இப்படியிருக்க, தம்பி ஜெயக்குமாரும் மோர்ஸ் படித்துப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி வந்தபோது, கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அருஞ்சுனை பால்கோவா கொடுத்தார். வீட்டில் இன்னொரு ஆள் வந்துவிட்டான் என்று அவருக்கு அத்தனை சந்தோஷம். புது வாக்கி டாக்கி செட்டு ஒன்றைத் தானே வாங்கிக் கொடுத்தார். ஜெயக்குமார் நாள்தோறும் மாதிரிச் சரக்கோடு விருதுநகர் போய்வருகிறவர். கடையில் சரக்கு எடுப்பது தம்பியின் பொறுப்பு; அவர் விருதுநகரில் இருக்கும் நேரத்தில் அவருக்காகக் கணக்குப்பிள்ளை விலை முடிப்பார். எடையும் தரமும் அண்ணன் பொறுப்பு. போன இடத்திலிருந்து, “அண்ணே, வந்து சேந்துட்டேன்” என்று தம்பி கூப்பிடுவதைக் கேட்க அருஞ்சுனை வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

தொண்ணூற்று மூன்று மாசி மாதம் தம்பியின் செட்டில் ஒரு கோளாறு வந்தது. காலை பத்து மணி சுமாருக்குப் பேச்சில்லாமல் ‘கரக், கரக்’ என்று மட்டும் கேட்கும். கொஞ்சம் நின்று மறுபடி ‘கரக், கரக், கரக்’. பொத்தானுக்குள் வத்தல் தூசி போயிருக்கும் என்று அருஞ்சுனை முடிவு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை தம்பியின் செட்டைப் பிரித்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பொத்தானின் அடித் தகட்டைத் துடைத்துக் கொடுத்தார். மறுவாரமும் கரகரத்தது. மறுபடி துடைத்தார். “விடுங்கண்ணே, அது அப்பிடித்தான்” என்றார் ஜெயக்குமார். கணக்குப்பிள்ளை இருளாண்டி பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பாலவனத்தம் மில்லும் தொட்டியும் சந்தனம்மாளுடையவை. கரிசலில் இருபது ஏக்கர் வத்தல் போடுகிற பெரிய சம்சாரி அவர். அருஞ்சுனை இடம் கேட்டு முதலில் போய் நின்றபோது, பெட்டி என்ன செய்யும் என்று விசாரித்தார். ஒருத்தர் சொன்னதை மாற்றாமல் மற்றவருக்குச் சொல்லும் என்று இவர் சொன்னார். “மாத்தாமச் சொல்றதா? அப்ப வச்சிக்கிடுங்க தம்பி” என்று சாவியைக் கொடுத்தவர், வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. தன் வத்தலையும் இவர் கடைக்குத்தான் போட்டுவந்தார்.

மாதம் ஒருமுறை அருஞ்சுனை அங்கே போய் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, பிளாப்பியை மாற்றிக்கொண்டு வருவார். டவுனில் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து அதை அச்சடித்து, மற்றவர்கள் பேப்பர் படிப்பது போலச் சாவகாசமாக உட்கார்ந்து படிப்பார். அந்தப் பங்குனியில் படித்துக்கொண்டு வந்தவர், தம்பியின் கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்கப் பென்சிலை எடுத்தார். பத்து மணி நாலு நிமிடம்: அரை அரை நொடியாக இரண்டு முறை. ஐந்து நொடி இடைவெளி. பிறகு ஏழு முறை. மறுநாள் அதே நேரம்: இரண்டு. இடைவெளி. ஐந்து. ஞாயிறுகளில் ஒன்றுமில்லை. சந்தை லீவு விட்ட நாளிலும் இல்லை.

தூசிக்கு லீவு நாள் தெரியாது. அருஞ்சுனையின் வலது கை தானாகத் துண்டுக்குள் போனது. முப்பது வருடமாகத் துண்டுக்கு அடியில் வியாபாரிகளின் விரலைப் பிடித்து விலை பேசிய கை. முதலில் நூறு எத்தனை என்று விரல், பிடியை ஒரு கணம் விட்டு, பிறகு பத்து எத்தனை என்று விரல். தாளில் இருந்த இரண்டையும் ஏழையும் விரல்கள் சொல்லிப் பார்த்தன: இருநூற்று எழுபது. வாயால் பேசக்கூடாது என்றுதானே லைசென்ஸில் இருக்கிறது. தம்பி பேசவில்லை, தொட்டியையே துண்டாக விரித்து அதற்கு அடியில் விரல் பிடித்திருக்கிறார். ஆணியில் தொங்கிய அண்ணனின் செட்டைக் கேட்டுக்கேட்டு இருளாண்டி எண்ணியிருக்கிறார். ஒரு மாதமாக, ஊருக்கு முன்னால் விலையைத் தெரிந்துகொண்டு கடை சரக்கு எடுத்திருக்கிறது.

இரண்டும் ஏழுமாக விலை ஏறிய அந்த நாள் எது என்று தேதியைப் பார்த்தார். சந்தனம்மாளின் இரண்டு வண்டி லோடு வந்த நாள். முந்தின நாள் விலைக்கு எடுத்திருந்தார்கள். அவருடைய தொட்டி சொன்ன விலை, அவருக்கு மட்டும் சொல்லாத விலை. அருஞ்சுனை பென்சிலைக் கீழே வைத்தார். அந்தப் பொத்தானைத் தன் கையாலேயே இரண்டு தடவை துடைத்துக் கொடுத்தோமே என்பதை நினைத்தபோது அழுகை வந்தது.

வாசலுக்குப் போய் ஐந்து எண்களை அழுத்தித் தொட்டியை நிறுத்தினார். தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு விருதுநகர் பஸ்ஸில் ஏறிப் பாலவனத்தத்தில் இறங்கினார். சொல்லாமல் இருந்துவிடலாம், பெட்டியும் இருக்கும், வத்தலும் வரும். சொன்னால் இரண்டும் போகும். முத்துராமலிங்கத்தின் ஆறு மாத உழைப்பு, பதினோரு பேரின் பேச்சு, இருபது வருட லைசென்ஸ் எல்லாம் சேர்ந்து போகலாம். பஸ்ஸிலிருந்து மில் வரை நடக்கிற தூரத்தில் இரண்டு இடத்தில் நின்றார்.

சந்தனம்மாள் களத்தில் வத்தலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். அருஞ்சுனை தாளை விரித்துக் காட்டி, தம்பி செய்தது, இருளாண்டி எண்ணியது, தான் பொத்தானைத் துடைத்தது, லோடு வந்த தேதி என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை.

“இந்தத் தாளு யாரு எழுதுனது?” என்று கேட்டார் சந்தனம்மாள்.

“பெட்டிதான்க்கா. யாரு எப்ப அமுக்குனாலும் அது எழுதி வச்சிரும்.”

“ஒங்க தம்பி அமுக்குனதையும்?”

“ஆமாக்கா.”

சந்தனம்மாள் குனிந்து ஒரு வரிசை வத்தலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். “அப்ப பெட்டி நீங்க சொன்னபடிதான் இருந்துருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். வத்த இனிமே ஒங்க கடைக்கு வராது தம்பி. நான் விருதுபட்டிக்கே கொண்டுபோறேன்.”

“வித்தியாசத்தக் கொண்டாந்து குடுத்துருதேன்க்கா.”

“குடுக்கணும்ல. அது குடுங்க. வத்த வராதுன்னது வேற.”

மறுநாள் காலை கடையில் ஜெயக்குமார் விருதுநகர் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அருஞ்சுனை அவர் எதிரே உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துத் தம்பியின் கைமேல் போட்டார். சரக்கு பற்றி ஏதோ என்று தம்பியும் கையை நீட்டினார். துண்டுக்கு அடியில் அருஞ்சுனை இரண்டு முறை அழுத்தினார். நிறுத்தினார். ஏழு முறை அழுத்தினார். தம்பி கையை இழுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த செட்டைத் தானே எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார்.

“எல்லாக் கடைக்காரனும் செய்யிறதுதானண்ணே” என்றார் கடைசியில்.

“கடையில செய்யி. அவுக தொட்டியில செஞ்சிருக்க.”

அண்ணன் அந்தச் செட்டைத் துணியில் சுற்றித் தராசடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தில்லிக்குக் கடிதம் எழுதி, நடந்ததைச் சொல்லி, லைசென்ஸின் நகலோடு அனுப்பினார். எட்டு மாதம் கழித்து, எச்சரிக்கையோடு நடத்தவும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதுவரை தொட்டி ஊமையாக இருந்தது. திறந்தபோது அவராகவே போட்டுக்கொண்ட சட்டம்தான் இந்தப் பத்திலிருந்து பதினொரு மணி வரைக்குமான வாய்ப்பூட்டு. அவசர ஆபத்துக்கு என்று, திறக்கும் எண்களைப் பரளச்சியில் முத்துராமலிங்கத்திடம் மட்டும் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவனான எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவரிடம் சொன்னால் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, “இருக்கட்டும்” என்பார்.

பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும் வேலையை ஜெயக்குமார் எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. மாதாமாதம் கேனைத் தூக்கிக்கொண்டு போய், சந்தனம்மாளிடம் சாவி வாங்கி, வேலையை முடித்து, சாவியைக் கொடுத்துவிட்டு வருவார். சந்தனம்மாள் சாவியைக் கொடுப்பார், வாங்குவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டரை வருடம் இப்படியே போயிற்று. போன ஐப்பசியில் ஒரு நாள் மழையில் நனைந்து திரும்பிய தம்பி, பிளாப்பியை அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, தலையைத் துவட்டாமலே நின்றார்.

“இன்னைக்கி அவுக பேசுனாகண்ணே. ‘தம்பி, பெட்டிக்கு மேல கூரை ஒழுகுது, மழைக்கு முன்னால பாத்துருக்கக் கூடாதா’ன்னாக.”

அருஞ்சுனை தராசடியில் இருந்த பெட்டியைத் திறந்து, துணி சுற்றி வைத்திருந்த தம்பியின் செட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதைப் பிரித்து, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பொத்தானின் அடித் தகட்டை மூன்றாவது தடவையாகத் துடைக்க ஆரம்பித்தார்.