வலது முன் சில்லு

என் வீட்டுக் கராஜின் சுவரில் ஒரு நீண்ட ஸ்பானர் தொங்குகிறது. காரின் சில்லுகளை, அதாவது சக்கரங்களை, பூட்டுகிற நட்டுகளை இறுக்குவதற்கென்றே செய்தது. கைப்பிடியில் அளவை வைத்துவிட்டால், நட்டு அந்த அளவுக்கு இறுகியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குமேல் இறுக்க வேண்டியதில்லை. கைப்பிடியில் சுற்றியிருக்கிற கறுப்பு நாடா பல இடங்களில் தேய்ந்துபோய்விட்டது. குளிர்கால ரயர் போடும்போதும் கழற்றும்போதும் வருடத்தில் இரண்டு தடவை அதைக் கையில் எடுக்கிறேன். மற்ற நாட்களில் அது இருக்கிற பக்கம் நான் பார்ப்பதில்லை. பார்க்காமலிருக்கப் பழகுவதற்கே சில வருடங்கள் பிடித்தன.

அது அண்ணையுடையது. அண்ணை என்றால் கூடப்பிறந்தவரல்ல, தமிழருமல்ல. ஸ்காபரோவில் நான் வேலை செய்த கராஜின் முதலாளி, வெள்ளைக்காரர். கோடையில் தொழில்முறைக் கார்ப்பந்தய ஓட்டக்காரர், குளிர்காலத்தில் எங்களைப் போல எண்ணெய்க் கையர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே மெக்கானிக்காகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. என்னைவிடப் பதினான்கு வயது மூத்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு மறுத்துவிட்டது. ‘அண்ணை’ என்று கூப்பிட்டேன். மற்றவர்களின் காதில் அது ‘ஆனி’ என்று விழுந்தது. ஆனி அங்கே பெண்களுக்கு வைக்கிற பெயர். ஒரு கோடை முழுவதும் ஆறடி உயரமான அந்த மனிதரை எல்லோரும் ஆனி என்று கூப்பிட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. அண்ணையின் மனைவியை நாங்கள் அண்ணி என்போம் என்று நான் விளக்கியபோது, அவருடைய மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அப்ப ஆனி நான்தான், இவரில்லை” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணி.

அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் ஞாபகத்தில் மட்டும் அது எங்களுடைய தமிழாகத்தான் நிற்கிறது. அண்ணையின் வசனங்களுக்கு ஒரு வால் இருக்கும். இந்த நாட்டுக்காரர் ‘ஏ’ என்று இழுத்து முடிப்பார்களே, அது. நாங்கள் ‘என்ன’ என்று முடிப்பது போலத்தான். “குளிர் கூட, என்ன?” “சாப்பிடேல்லை, என்ன?” இப்படித்தான் அவர் என்னிடம் பேசினார் என்று இப்போதும் தோன்றுகிறது.

பத்தொன்பது வயதில், எறிய வைத்திருந்த ஒரு பழைய காரில் அவர் ஓடத் தொடங்கியிருக்கிறார். முதற் போட்டியில் பதினேழு கார்களில் பதினேழாவது. அதற்குப் பிறகு இருபத்தேழு கோடை. ஒன்ராறியோவில் அவர் ஓடாத நீள்வட்டப் பாதை இல்லை. கியூபெக்கில் ஓடினார், எல்லை தாண்டித் தெற்கே போய் இரண்டு வருடம் பெரிய கார்களோடு மோதிப் பார்த்தார், மனம் கசந்து திரும்பினார். வென்ற கிண்ணங்கள் கராஜின் அலுமாரியில் இருந்தன. ஒன்றுக்குள் பழைய பிளக்குகளைப் போட்டு வைத்திருந்தார். தோள் எலும்பு இரண்டு தடவை முறிந்தது. இத்தனை வருடமும் இடப்பக்கம் மட்டுமே திரும்பி ஓடியதில் கழுத்துக்கூட ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. “சீவியம் முழுக்க ஓடினன், வெளிக்கிட்ட இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்தனான்” என்பார். அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு ஆசை. அதை வெட்கப்படாமல் எல்லோரிடமும் சொல்வார். “ஓட்டத்தை விடுற அண்டைக்கு, காரை விட்டு என்ரை காலிலை இறங்கி நடந்து போகவேணும்.” நாற்பத்தாறு வயதில், இதுதான் கடைசிக் கோடை என்று முடிவெடுத்தும் இருந்தார்.

சனிக்கிழமைகளில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி வடக்கே ஒரு பந்தயப் பாதைக்குப் போவோம். நான் குடியிருந்த மல்வேர்னிலிருந்து விடியவே பஸ் எடுத்து நான் கராஜுக்கு வந்துவிடுவேன். அண்ணி பார்வையாளர் மேடையின் உச்சியில் றேடியோவோடு நின்று, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று அண்ணையின் காதில் சொல்லிக்கொண்டிருப்பார். என் பொறுப்பு சில்லுகள். இடப்பக்கமே திரும்புகிற காரில் முழுப் பாரமும் வலது முன் சில்லில்தான் விழும். சேர்ந்த முதல் மாதத்தில் காரிலிருந்து புகை வருவதைக் கண்டு, ஓடிப்போய்க் கையைக் காட்டிப் பயிற்சி ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். அது வெறும் பிறேக் சூடு. அந்த வளவே சிரித்தது. அதற்குப் பிறகு நான் எதற்கும் கை காட்டவில்லை. அவமானம் எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

அந்தக் கோடையில் இன்னும் நான்கு போட்டிகள் மிச்சம். அந்தச் சனிக்கிழமை, முன்னோட்டப் போட்டி முடிந்ததும் வலது முன் சில்லை மாற்றிப் புது ரயர் போட்டேன். ஐந்து நட்டுகளையும் கையால் திருகிவிட்டு ஸ்பானரை எடுக்கத் திரும்பிய நேரம், பெற்றோல் கலனைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். திரும்பி வரும்போது அண்ணை காருக்குள் ஏறி ஹெல்மெற்றைக் கையில் வைத்திருந்தார். ஸ்பானர் நிலத்தில் கிடந்ததை அவர் கண்டிருக்க வேண்டும்.

“வலது முன் சில்லு இன்னும் இறுக்கேல்லை, என்ன?” என்று கேட்டார்.

“யெஸ்” என்றேன்.

இறுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன் என்பதுதான் என் நினைப்பு. குனிந்து ஸ்பானரை எடுத்தேன். அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார், ஹெல்மெற்றைப் போட்டார், என்ஜினை முடுக்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஸ்பானரோடு பின்னால் ஓடினேன். பாதைக்குள் போகிற வாசலை மூடிவிட்டார்கள்.

போட்டி தொடங்குமுன் எல்லாக் கார்களும் வரிசையாக, மெதுவாக மூன்று சுற்று வரும். அந்த மூன்று சுற்றும் நான் கம்பி வேலியோடு நின்றேன். பத்தடி தள்ளிக் கொடி காட்டுகிற அலுவலர் நின்றார். மேலே அண்ணியின் கையில் றேடியோ இருந்தது. அண்ணைக்குத் தெரியும், நான் சொல்லிவிட்டேன், வாசலில் நின்ற யாரையாவது கொண்டு இறுக்குவித்திருப்பார் என்று எனக்கு நானே சொன்னேன். நான் ஒன்றைச் சொல்லப் போய், அது இறுகியிருந்தால் மறுபடியும் சிரிப்பார்கள் என்றும் யோசித்தேன். மூன்றாவது சுற்றில் கார் என் முன்னால் வந்தபோது ஸ்பானர் பிடித்த கை தோள் மட்டத்துக்கு எழும்பியது. எழும்பிய கையை நானே இறக்கினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறந்தும் கெடுத்தேன், மூடியும் கெடுத்தேன்.

போட்டியின் பதினோராவது சுற்றில் சில்லு கழன்று தனியே ஓடியது. கார் சுவரில் அடித்தது, பின்னால் வந்த கார் அதன்மேல் அடித்தது. அவரை வெளியே எடுக்கத் தகட்டை வெட்ட வேண்டியிருந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொருங்கியிருந்தது. இருபத்தேழு கோடை ஓடிய மனிதரின் ஓட்டம் அன்றோடு முடிந்தது.

விசாரிக்க வந்த அலுவலர்களிடம் அண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, சில்லைப் பிடிக்கிற போல்ற் முறிந்ததுதான் காரணம், பழைய சாமான், மாற்றாமல் விட்டது தன் பிழை என்று சொன்னார். நான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போல்ற் முறியவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கோ உள்ளுக்குள் கோபம் வந்தது. இறுக்கவில்லை என்று சொன்ன பிறகும் பிடிவாதமாகப் போனவர், இப்போது அதை மறைக்கப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். அவர் கராஜை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆறு வருடம் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்குத் தேவையாக இருந்தது. அது இல்லாவிட்டால் வேலியோடு நின்ற மூன்று சுற்றுகளைத்தான் நினைக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயம், இரண்டாம் வகுப்புப் படித்த மகளோடு அவளுடைய ஆசிரியையைப் பார்க்கப் போனேன். ஆசிரியை ஒரு தாளை எடுத்து, “இதிலை நீங்கள் கையெழுத்து வைக்கேல்லை, என்ன?” என்ற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டார். “யெஸ்” என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிக் கையெழுத்தைத் தேடினார். கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் மகள் என்னைத் திருத்தினாள்.

“அப்பா, டீச்சர் சைன் பண்ணேல்லையா எண்டு கேட்டவ. நீங்கள் யெஸ் எண்டு சொன்னா, சைன் பண்ணிட்டன் எண்டு அர்த்தம். பண்ணாட்டி நோ எண்டு சொல்லோணும்.”

“பண்ணேல்லைத்தானே. அதுதான் ஓம் எண்டனான்.”

“அது தமிழிலை, அப்பா.”

கார்த் திறப்புக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குளிருது என்று மகள் என் ஜக்கற்றை இழுத்தாள். இறுக்கவில்லையா என்று கேட்ட மனிதருக்கு, இறுக்கிவிட்டேன் என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். என்னை நம்பித்தான் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆறு வருடமாக நான் அவரைப் பிடிவாதக்காரர் என்று வைதேன். ஆறு வருடமாக அவர் என்னைப் பொய்யன் என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். அவர்கள் அங்கே ஒரு சிறிய வீட்டில் இருந்தார்கள். அண்ணி கதவைத் திறந்தார், கட்டிப்பிடிக்கவில்லை, உள்ளே வா என்றார். அண்ணை நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். தலைமயிர் முழுக்க வெளுத்துவிட்டது. ஆசிரியையின் கதையைச் சொன்னேன், ஆம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ஓம் என்ற சொல்லைச் சொன்னேன். தமிழில் கேள்வி ‘இல்லை’ என்று வந்தால், அந்த இல்லைக்கே நாங்கள் ஓம் சொல்வோம் என்று விளங்கப்படுத்தினேன். என் ஆங்கிலம் நடுவில் இரண்டு தடவை நின்றது. அவர் அவசரப்படுத்தவில்லை.

“அப்ப நீ பொய் சொல்லேல்லை” என்றார் கடைசியில்.

“நோ” என்றேன். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன்.

“நீ பயத்திலை பொய் சொன்னனி எண்டுதான் நினைச்சன். உன்ரை அகதி வழக்கு அப்ப விசாரணைக்கு நிண்டது. உன்ரை பெயர் ஒரு இடத்திலையும் வரக்கூடாது எண்டு போல்ற் முறிஞ்சது எண்டனான்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை மறுபடியும் பேசினார். அந்த மூன்று சுற்றிலும் என்னை வேலியடியில் கண்டவர் அவர். கடைசிச் சுற்றில் நான் ஸ்பானரை உயர்த்தியதையும் கண்டிருக்கிறார். வென்று வா என்று காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டாராம்.

“நீ என்னை மறிக்கப் பாக்கேல்லை, என்ன?” என்று கேட்டார்.

கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. மறிக்கப் பார்த்தேன் என்றால் ‘யெஸ்’, பார்க்கவில்லை என்றால் ‘நோ’. உண்மை என்னவென்றால், எழும்பிய கையை நான் இறக்கிவிட்டேன். அதைத்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் வந்தேன். அவருடைய கால் ஸ்ரூலின்மேல் கிடந்தது.

“யெஸ்” என்றேன்.

அண்ணை கண்ணை மூடினார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, “கேட்டியோ, அவன் மறிச்சிருக்கிறான். எனக்குத்தான் விளங்கேல்லை. பிழை என்ரை” என்றார். அண்ணி எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். நான் வெளிக்கிடும்போது அண்ணை பொல்லை ஊன்றி எழும்பி, தானே வீட்டுக் கராஜுக்குள் போய் இந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தார். யாரும் உதவக்கூடாது என்று கையைக் காட்டிவிட்டார். போய்வர அவருக்கு வெகுநேரம் எடுத்தது.

தமிழில் பார்த்தால் நான் பொய் சொல்லவில்லை. மறிக்கவில்லையா என்று கேட்டார், ஓம் என்றேன், அவ்வளவுதான். இந்தச் சாக்குப்போக்கை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதும், முதல் தடவை அறியாமல் சொன்ன சொல்லை இரண்டாம் தடவை அறிந்து சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான்கு வருடம் அண்ணை உயிரோடு இருந்தார். மாதம் ஒரு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும், வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, மறிக்கப் பார்த்தவன் இவன் என்று சொல்வார். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருப்பேன்.

இந்த வருடமும் பனிக்கு முன்னர் ரயர் மாற்றினேன். வலது முன் சில்லை எப்போதும் கடைசியாகத்தான் இறுக்குவேன். ஐந்து நட்டு, ஐந்து ‘டிக்’. ஐந்தாவது கேட்டதும், ஸ்பானரைச் சுவரில் மாட்டுமுன், “நோ, அண்ணை” என்று வாய்விட்டுச் சொன்னேன். ‘நீ என்னை மறிக்கப் பாக்கேல்லை, என்ன?’ என்று அவர் கேட்ட கேள்விக்கு அவருடைய பாஷையில் அதுதான் பதில்.